வடசென்னையில் மழையும் பூச்சியுண்ணும் செடிகளின் பூப்பும்

பூச்சியுண்ணும் செடிகள் சத்துக் குறைந்த ஈர நிலங்களிலும் நீர்நிலைகளிலும் வளர்பவை. தமிழகச் சமவெளியில் அழுகண்ணி எனப்படும் ட்ரோசிராவும், நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. சோழமண்டலக் கரையில் இவற்றின் பூப்பு வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது.

பெயரிட்ட வரலாறு

1737-ல் டச்சு நாட்டு யோகான்னசு பர்மன் இலங்கைச் செடிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் பெயரால் 1794-ல் மார்ட்டின் வால் ஒரு ட்ரோசிராவுக்கு ‘பர்மன்னி’ எனப் பெயரிட்டார். ‘இண்டிகா’ என்ற இனத்துக்கு 1753-லேயே லின்னேயசு பெயர் சூட்டியிருந்தார். லின்னேயசின் மாணவர் கோனிக் 1768 முதல் தரங்கம்பாடியில் தங்கிச் செடிகளைச் சேகரித்தார். பின்னர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணியாற்றினார். யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிசு என்ற பெயர் 1782-ல் லின்னேயசின் மகனால் வெளிவந்தது.

சென்னை மாகாணச் செடிகளைத் தொகுக்கும் பணியை கேம்பிள் 1915-ல் தொடங்கினார். அவர் மறைவுக்குப் பின் பிஷர் அதை 1936-ல் நிறைவு செய்தார். இதற்கிடையே 1929-ல் சென்னை அரசு அருங்காட்சியகம், நகரமும் சுற்றுப்புறமும் சார்ந்த பூக்கும் தாவரங்கள் பற்றிய மயூரநாதனின் நூலை வெளியிட்டது.

வானிலை செய்யும் வேலை

சமவெளி ட்ரோசிராக்கள் ஒரு பருவச் செடிகள். கோடையில் விதையாக மண்ணில் கிடந்து, மழையில் நிலம் ஊறியதும் முளைத்துப் பூக்கின்றன. நிலம் காயும்போது விதையைச் சிந்திவிட்டு மடிகின்றன. இவற்றின் பூ நல்ல வெயிலில் சில மணி நேரமே விரியும். மேகமூட்டமான நாளில் விரியாமலேயே தன் மகரந்தத்தால் விதை பிடிக்கும். அடைமழை இலைகளின் பசையைக் கழுவிவிடுவதால், அன்று பூச்சி சிக்குவது குறையும். யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிசின் பூங்காம்பைச் சுற்றி நட்சத்திரம் போல் காற்று நிறைந்த மிதவைகள் இருக்கும். நீர் உயர்ந்தாலும் மஞ்சள் பூ மேலேயே நிற்க அவை உதவுகின்றன.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016-ல் பருவமழை பொய்த்தது. அடுத்தடுத்து வரும் இத்தகைய ஆண்டுகளைத் தாண்டச் செடிக்குத் துணை மண்ணில் எஞ்சிய விதைதான்.

வடசென்னை நிலம்

இராயபுரம் இரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-லும், எண்ணூரில் அனல் மின் நிலையம் 1970-லும் இயங்கத் தொடங்கின. எண்ணூர் கழிமுகத்தின் உப்புநீர் இச்செடிகளுக்கு ஒவ்வாது. கரைக்கு உட்பட்ட மழைநீர்க் குளங்களும் மணற்பாங்கான தாழ்நிலங்களுமே இவற்றுக்கு ஏற்றவை. அத்தகைய இடங்கள் மண்ணிட்டு மேடாக்கப்பட்டால் விதைச் சேமிப்பு புதைந்துபோகும். கழிவுநீர் கலந்தால் சத்து மிகுந்து ஆகாயத்தாமரை பரவும். யூட்ரிகுலேரியாவுக்கு ஒளி கிடைக்காது. கொசத்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்ததும் இப்பகுதி அறிந்ததே.

மழை தவறிய ஆண்டுக்குப் பின் அடுத்த மழையில் செடி மீளக்கூடும். நிலமே மாறிவிட்டால், பருவம் தவறாமல் மழை பெய்தாலும் பூ வராது. ஆகவே ஒரு குளத்தில் செடி பூத்த மாதத்தையும் அவ்வாண்டு மழையையும் சேர்த்துக் குறித்து வைப்பது, பிற்காலத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும்.