தேநீர், புகையிலை, தொலைக்காட்சி: பிரிட்டனில் அரசு உதவி பெறுவோரின் நுகர்வும் பொதுமக்களின் மதிப்பீடும்

ஊரார் வரிப்பணத்தில் வாழ்பவர் எதை வாங்கலாம், எதை வாங்கினால் அது ஊதாரித்தனம் ஆகும் என்ற வழக்கு பிரிட்டனில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. இதில் பொதுமக்களின் மனம் காலப்போக்கில் இளகி வந்தது என்று எழுதுவது மரபாயினும், சான்றுகள் அவ்வளவு சீராக அமையவில்லை. ஒரு மனிதர் வாழ என்னென்ன வேண்டும் என்று கேட்டால் தாராளமாகப் பட்டியலிடும் அதே சமூகம், உதவித்தொகை பெறுபவருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் கையைச் சுருக்கிக்கொள்கிறது. இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலான இழுபறியே இந்த வரலாற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானித்துள்ளது.

முதற் கேள்விக்கான விடையை ஆடம் ஸ்மித் 1776-இலேயே கோடிட்டுக் காட்டியிருந்தார். உயிர் தரிக்கத் தேவையானவை மட்டுமல்லாமல், நாட்டு வழக்கப்படி எவை இல்லாவிட்டால் மதிப்புள்ள ஓர் ஏழைகூட வெளியில் தலைகாட்டக் கூசுவாரோ அவையும் அத்தியாவசியப் பொருட்களே என்று கூறிய அவர், அதற்குச் சான்றாக லினன் சட்டையையும் தோல் காலணியையும் காட்டினார். ஆனால் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இரண்டாம் கேள்வியையே கையில் எடுத்தது. உதவி பெறுபவரின் நிலை, தன் உழைப்பில் வாழும் மிகக் கீழ்நிலைக் கூலித் தொழிலாளியின் நிலையைவிட எவ்வகையிலும் விரும்பத்தக்கதாக இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. இவ்விதியை நடைமுறைப்படுத்த அமைந்தவையே, உடல் வலுவுள்ள ஏழைகள் உள்ளே தங்கி வேலை செய்தால்தான் உதவி கிடைக்கும் என்ற முறையில் இயங்கிய வேலை இல்லங்கள்.

அன்றைய கூலித் தொழிலாளியின் உணவே அரை வயிற்றுக்கானதாக இருந்தமையால், அதற்கும் கீழே இறங்கினால் பட்டினிச் சாவு நேரும் என்ற சிக்கல் நிர்வாகிகளுக்கு விரைவிலேயே எழுந்தது. ஆகவே உணவின் அளவைக் குறைப்பதைவிட, சீருடை, குடும்பத்தைப் பிரித்துத் தங்கவைத்தல், சலிப்பூட்டும் ஒரே வகைக் கஞ்சி, புகையிலைக்கும் மதுவுக்கும் தடை ஆகியவற்றின் வழியாக வாழ்வின் சிறு இன்பங்களைப் பறிப்பதே விதியைக் காக்கும் வழியாயிற்று. (அளவும் எல்லா இடங்களிலும் காக்கப்படவில்லை: உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் இருந்தவர்கள், அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைப் பசியால் கடித்துத் தின்ற செய்தி 1845-இல் ஆண்டோவர் வேலை இல்லத்திலிருந்து வெளிவந்து நாட்டையே உலுக்கியது.) ஏழையர் சட்ட ஆணையர்கள் வெளியிட்ட உணவுப் பட்டியல் ஒன்றில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரத்துக்கு 1 அவுன்ஸ் தேயிலை, 5 அவுன்ஸ் வெண்ணெய், 7 அவுன்ஸ் சர்க்கரை தரலாம் என்ற சலுகை இருந்தது. இனி உழைக்க முடியாதவர் தேநீர் குடித்தால் யாருடைய உழைப்பார்வமும் கெடப்போவதில்லை என்ற கணக்கு அந்தச் சலுகையின் பின்னால் இருந்தது எனலாம். முதியவர்களின் புகையிலைக்கு 1892-லும், முதிய பெண்கள் தாங்களே தேநீர் தயாரித்துக்கொள்ளத் தேயிலை வழங்குவதற்கு 1894-லும் அனுமதி கிடைத்தபோதும் இதே கணக்கே தொடர்ந்தது.

வறுமையை அளந்து காட்டும் முயற்சிகளிலும் இந்தக் கணக்கின் நிழல் விழுந்தது. யார்க் நகரை ஆராய்ந்து 1901-இல் நூல் வெளியிட்ட சீபோம் ரவுன்ட்ரீ, உடல் இயங்கத் தேவையானவற்றை வாங்கக்கூட வருமானம் போதாத நிலையை முதல்நிலை வறுமை என்று வகுத்து, கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கோடு கிழித்தார். அந்தக் கோட்டில் வாழும் குடும்பம் ரயிலிலோ பேருந்திலோ ஏற முடியாது, செய்தித்தாள் வாங்க முடியாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடத் தபால்தலை வாங்க முடியாது, குழந்தைக்குப் பொம்மையோ கோலிக்குண்டோ மிட்டாயோ கிடையாது, தந்தைக்குப் புகையிலை கிடையாது என்று அவரே விரித்துரைத்தார். அவர் கணக்கிட்ட உணவு, வேலை இல்லத்து உணவைவிடச் சிக்கனமானது. அதில் இறைச்சிக் கடை இறைச்சி இடம்பெறவில்லை. ஏழைகள் வீண்செலவால் கெடுகிறார்கள் என்ற வாதத்தை முறியடிப்பதற்காகவே அவர் இத்தனைக் கடுமையைக் கையாண்டார். ஆயினும் யார்க் மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்கும் கீழே இருந்தனர். வாதத்துக்காக எழுப்பிய அந்தக் கோடு பின்னாளில் உதவித்தொகையின் அளவுகோலாகவும் பயன்பட்டது என்பதுதான் விபரீதம். ரவுன்ட்ரீ தம் 1936-ஆம் ஆண்டு ஆய்வில் வானொலி, செய்தித்தாள், புகையிலை, விடுமுறைச் செலவு ஆகியவற்றைத் தேவைகளில் சேர்த்துக்கொண்டார். ஆனால் சமூகக் காப்பீட்டைத் திட்டமிட்டு 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை பிழைப்புக்கான குறைந்த அளவிலேயே நின்றுவிட்டது.

இடைப்பட்ட 1931-இல் வந்த குடும்ப வருவாய்ச் சோதனை, காப்பீட்டு உதவி தீர்ந்துபோன வேலையற்றோரின் வீட்டுக்குள்ளேயே அதிகாரிகளை அனுப்பியது. மகளின் கூலியும் தாத்தாவின் ஓய்வூதியமும் குடும்பக் கணக்கில் சேர்க்கப்பட்டன. வீட்டிலுள்ள மிகைப்பொருட்களை விற்றுச் சாப்பிடலாமே என்ற கேள்வி எழுந்தது. மலிவான சிறு இன்பங்களை வேலையற்றோர் நாடுவது ஏன் என்பதற்கு 1937-இல் வெளிவந்த ‘விகன் கடற்பாலத்துக்கான பாதை’ நூலில் ஜார்ஜ் ஆர்வெல் தந்த விளக்கம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: சலிப்பும் துயரமும் சூழ்ந்தவருக்குச் சத்தான உணவைவிடச் சற்றுச் சுவையான உணவே வேண்டியிருக்கிறது.

புகையிலை வரி கடுமையாக உயர்ந்த 1947-இல் முதியோருக்குத் தனி வரிச்சலுகை வில்லை வழங்கப்பட்டதும், அது 1958 வரை நீடித்ததும், அரசே ஒரு தரப்பினரின் சிகரெட்டைத் தேவையாக ஏற்றதற்குச் சான்று. வேலையற்ற இளைஞருக்கு அப்படியொரு வில்லை வழங்க எவரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

பீட்டர் டவுன்சென்ட் 1979-இல் வெளியிட்ட பெருநூல், தன் சமூகத்தில் வழக்கமான வாழ்க்கையிலிருந்து விலக்கப்படுவதே வறுமை என்று வரையறுத்து, ஞாயிறன்று இறைச்சி சமைப்பது, குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடுவது போன்றவற்றை அளவீடுகளாக்கியது. இவற்றைத் தேர்ந்தெடுத்தவர் ஓர் ஆய்வாளர்தானே என்ற குறையைத் தீர்க்க, ஜோவானா மாக்கும் ஸ்டூவர்ட் லான்ஸ்லியும் 1983-இல் பொதுமக்களிடமே பட்டியலை நீட்டி, பாதிப்பேருக்கு மேல் தேவை என்று சொன்னவற்றையே தேவையாக எடுத்துக்கொண்டனர். வீட்டுக்கு வெப்பமூட்டும் வசதியைத் தேவை என்று 97 விழுக்காட்டினரும், ஆண்டுக்கு ஒரு வார வெளியூர் விடுமுறையை 63 விழுக்காட்டினரும், தொலைக்காட்சியை 51 விழுக்காட்டினரும் ஏற்றனர். தொலைபேசி 43 விழுக்காட்டோடு தோற்றது. சிகரெட்டுக்கு வெறும் 14. பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டபோது மக்கள் ரவுன்ட்ரீயின் முதல் கோட்டிலிருந்து வெகுதூரம் வந்திருந்தனர்.

பெறுபவர் யார் என்பது கண்முன் நின்றால் விடை வேறாயிற்று. அடைக்கலம் கோரி வந்தவர்களுக்கு 2000-இல் ரொக்கத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பற்றுச்சீட்டே வழங்கப்பட்டது. பொருளின் விலை சீட்டின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் கடைக்காரர் மீதிச் சில்லறை தரக் கூடாது என்பது விதி. கடும் எதிர்ப்புக்குப் பின் 2002-இல் அம்முறை கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், வேலையற்றோருக்கான உதவி மிக அதிகம், அது வேலை தேடும் எண்ணத்தைக் கெடுக்கிறது என்றவர்கள் 1991-இல் 27 விழுக்காடு. 2011-இல் 62 விழுக்காடு. பொருளாதார நெருக்கடிக்குப் பின் முதற் கேள்வியின் விடையும் சுருங்கியது: 2012-இல் மீண்டும் பட்டியல் நீட்டப்பட்டபோது, வெளியூர் விடுமுறையைத் தேவை என்றவர்கள் 42 விழுக்காடாகக் குறைந்தனர். உணவுப் பழக்கம் மாறியதால் வார இறைச்சிக்கான ஆதரவு சரிந்ததைப் புரிந்துகொள்ளலாம். விடுமுறைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

உழைக்கும் குடும்பத்தின் சராசரி வருவாயோடு ஒப்பிட்டு, உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்ற உச்சவரம்பு 2013-இல் விதிக்கப்பட்டபோது, அதற்கான நியாயம் அண்டை வீட்டு உழைப்பாளியின் மனக்குறையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அவசரத் தேவைகளுக்கான தேசிய மானியம் ரத்தாகி உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு மாறியது. அவற்றுள் பல, கேட்டவரின் கையில் பணத்தைக் கொடுக்காமல், குறிப்பிட்ட கடைகளில் மட்டும் செல்லும் அட்டையாகவோ, யாரோ பயன்படுத்திய கட்டிலாகவோ அந்த உதவியை வழங்கலாயின.