தன்முயற்சியும் ஏணியும்

1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே, பகலெல்லாம் உழைத்து மாலையில் ஒன்றுகூடித் தாமே கல்வி பயின்றுவந்த தொழிலாள இளைஞர் சிலருக்குச் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் சொற்பொழிவு நிகழ்த்தினார். அச்சொற்பொழிவிலிருந்து வளர்ந்து 1859இல் வெளிவந்ததே ‘செல்ஃப் ஹெல்ப்’ என்னும் நூல். தமிழில் அதனைத் ‘தன்முயற்சி’ எனலாம். ஓராண்டுக்குள் 20,000 பிரதிகள் விற்பனையாயின. ஒருவனை உயர்த்துவன பிறப்பும் செல்வமும் அல்ல. உழைப்பும் ஒழுக்கமுமே என்பது அதன் சாரம்.

இந்நூல் கீழைத் தேசங்களையும் எட்டியது. 1880இல் யாகூப் ஸர்ரூஃப் என்னும் அறிஞர் இதனை அறபு மொழியில் பெயர்த்து, ‘வெற்றியின் இரகசியம்’ எனப் பொருள்படும் தலைப்பில் பெய்ரூத்தில் வெளியிட்டார்.

முயற்சியையும் கல்வியையும் போற்றும் இத்தகைய குரல் அக்காலத்தில் இலங்கையிலும் எழுந்தது. கண்டியிலே வழக்கறிஞராக விளங்கிய எம். சி. சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ ஈழத்துத் தமிழ் நாவல்களில் முதலாவது என்று கொள்ளப்படுவது. எகிப்திலே பிறந்து, குழந்தையாயிருக்கையில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வியாலும் நற்குணத்தாலும் உயர்நிலை எய்தும் இளைஞனின் வரலாறு அது. எகிப்தியத் தலைவர் அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். அவரது ஊக்கமும் சித்திலெப்பையின் உழைப்பும் சேர்ந்து 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு பாடசாலை தோன்றத் துணைநின்றன. அதுவே பிற்காலத்தில் ஸாஹிறாக் கல்லூரி ஆயிற்று.

இந்நூற்றாண்டு மாற்றத்தின்பின் தன்முயற்சிக் கருத்துக்கு ஆழமான தத்துவ வடிவம் தந்தவர் மகாகவி இக்பால். 1915இல் பாரசீக மொழியில் வெளிவந்த ‘அஸ்றாரே குதீ’ மனிதன் தன் ஆன்ம வலிமையை உணர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டுமென்று முழங்கியது. எனினும், கவிஞர் அத்துடன் நிறுத்தவில்லை. 1918இல் ‘றுமூஸே பேகுதீ’ என்னும் இரண்டாம் நூலை வெளியிட்டு, தனிமனிதன் சமுதாயத்தோடு இணையும்போதே நிறைவு பெறுகிறான் என்பதையும் எடுத்துரைத்தார். முதல் நூலை மட்டும் படித்தவர் பாதியையே படித்தவராவர்.

இவ்விரு பாதிகளும் செயலிலே ஒன்றுபட்ட காட்சியைக் கல்முனைக் கரை கண்டது. 1942ஆம் ஆண்டு. உலகப் போர் இலங்கையை நெருங்கிவிட்டது. பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அம்மாதத்திலேயே உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். இக்பாலின் சிந்தனையில் தோய்ந்தவர்.

காடாகக் கிடந்த நிலங்கள் கழனிகளாயின. உழவர் நன்றியோடு ஒரு வயற்கண்டத்திற்கு ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்றே பெயரிட்டனர். ஆனால், அவர் கண்டது நெல்லை மட்டுமன்று. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அறிவுக் கூர்மை வாய்ந்த சிறுவர் பலர் இருந்தனர். மேற்படிப்புக்கு வேண்டிய பணம் இருக்கவில்லை. ‘முயன்றால் உயரலாம்’ என்று அச்சிறுவர்க்கு உபதேசிப்பது எளிது. பள்ளிச் சம்பளமும் விடுதிச் செலவும் கொடுக்க இயலாத உழவனின் மகன் எந்த முயற்சியைக் கொண்டு அந்தச் செலவை ஈடுசெய்வான்?

இவ்வினாவுக்கு விடையாக 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அமைந்தது. இங்கு பெற்ற அனுபவத்தின் விரிவாக 1945இல் இலங்கை முழுவதற்குமான முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. வசதியற்ற மாணவரும் உயர்கல்வியை எட்ட அது கைகொடுத்தது. அஸீஸ் 1948இல் அரச பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். 1961 வரை அப்பணியில் நிலைத்தார். அதே ஸாஹிறா என்னும் பெயரைக் கல்முனையின் கல்லூரி ஒன்றும் தாங்கி நிற்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று அக்கரையிலேயே ஒலுவிலில் இயங்குகிறது.

ஸ்மைல்ஸின் நூல் பொய்யன்று. முயலாதவனை எந்த நிதியும் உயர்த்தாது. ஏணியில் ஏற வேண்டியவன் அவனே. ஆயினும், ஏணியைச் சாத்துவதற்கு வேறொரு கை வேண்டும். லீட்ஸ் நகரத் தொழிலாளருங்கூடத் தனித்தனியே கற்கவில்லை. ஒன்றுகூடியே கற்றனர் என்பது நினைவிருக்கத் தக்கது. உயர்ந்தவன் தான் ஏறிய ஏணியை அடுத்தவனுக்காக விட்டுவைக்கும்போதுதான் தன்முயற்சி ஒழுக்கமாகிறது. கல்முனைக் கரையின் வரலாறு உணர்த்துவது இதுவே.