ஜீவனாம்சச் சட்டத்தில் குழந்தையின் இடம்

ஜீவனாம்சம் என்னும் சொல்லில் ‘அம்சம்’ என்பது பங்கு. ஒருவர் உயிர்வாழ்வதற்கென ஒதுக்கப்படும் பங்கு என்பதே அதன் நேர்ப்பொருள். கன்னடமும் மலையாளமும் இதே சொல்லை ஆள்கின்றன. மராத்தியில் ‘போட்கி’ என்பர். ‘போட்’ என்றால் வயிறு. வங்காளத்தில் ‘கோர்போஷ்’, அதாவது ஊணும் உடையும். இந்தியில் ‘குஸாரா பத்தா’, நாளைக் கழிப்பதற்கான படி. மொழிக்கு மொழி உருவகம் மாறுகிறது. ஆயினும் மனைவிக்கு உரியது எது, பிள்ளைக்கு உரியது எது என்று இச்சொற்கள் எவையும் பிரித்துக் காட்டுவதில்லை. குறையைச் சொற்களின்மேல் ஏற்றுவதற்கில்லை. சட்டமே நெடுங்காலம் அவ்விரண்டையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தது.

முதலில் ஒரு வினா. குடும்ப உறவு பற்றிய இந்த ஏற்பாடு ஏன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது? 1861ஆம் ஆண்டின் சட்டத்திலேயே அது உண்டு. போதிய வசதியிருந்தும் மனைவியையோ குழந்தையையோ காப்பாற்ற மறுப்பவன் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டுமென்று நடுவர் ஆணையிடலாம். உச்சவரம்பு 50 ரூபாய். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை மன்றத்தில் முன்னின்று நடத்திய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இப்பிரிவுகளை நாடோடித்தனத்தைத் தடுக்கும் வழி என்றே விளக்கினார். ஆங்கிலேய வறியோர் சட்டத்தின் மனப்பாங்கு இது. கைவிடப்பட்டவர் தெருவுக்கு வந்தால் பொது அமைதிக்கும் பொதுப் பணத்துக்கும் கேடு. ஆகவே கைவிட்டவனிடமே வாங்கிக்கொடு என்பதுதான் அதன் சாரம். திருமணத்துக்குப் புறம்பே பிறந்த குழந்தைக்கும் இந்தியச் சட்டம் தொடக்கத்திலிருந்தே இடமளித்ததை இந்த ஒளியில்தான் படிக்க வேண்டும். அதைப் பரிவு என்று மட்டும் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அதே காலத்தில், 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம், வழக்கு நிலுவையில் இருக்கும்போது மனைவிக்குத் தரும் தொகையைக் கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் அளந்தது. உரிமையியல் வழியில் வருமானத்துக்கேற்ற விகிதம். நடுவர் வழியில் அனைவர்க்கும் ஒரே ரூபாய் வரம்பு. பின்னதில் ‘அம்சம்’ என்பதற்கே இடமில்லை.

1861இல் 50 ரூபாய் அற்பத் தொகையன்று. கூலித் தொழிலாளி ஒருவர் மாதத்தில் காணக்கூடிய பணத்தைவிட அது மிகப் பெரிது. அதை அற்பமாக்கியது காலமும், சட்டமன்றங்களின் அசட்டையும். 1923இல் வரம்பு 100 ரூபாயாயிற்று, 1955இல் 500. 1973இல் சட்டம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, 488ஆம் பிரிவு 125ஆம் பிரிவாகியது. பெற்றோரும் விவாகரத்துப் பெற்ற மனைவியும் சேர்க்கப்பட்டனர். தொகையை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்த 500 ரூபாயும் ஒருவருக்கா, குடும்பத்துக்கா? சட்டத்தில் இருந்த சொற்றொடர் ‘மொத்தத்தில்’ எனப் பொருள்படுவது. மொழியியலார் இதைத் தொகுப்புப் பொருளா, பகிர்வுப் பொருளா என்று கேட்பர். தொகுப்புப் பொருள் என்றால் ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு 100 ரூபாயில் வாழ வேண்டும். 1978இல் இவ்வாறு வாதிட்ட ஒரு கணவரின் வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் பகிர்வுப் பொருளையே ஏற்றார்: ‘மொத்தம்’ என்பது ஒருவருக்குரிய செலவினங்களின் மொத்தமே, வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. குழந்தையைத் தாயின் தொகைக்குள் கரைத்துவிடாமல் தனி ஆளாக எண்ணியது என்பதால், இத்தீர்ப்பை ஷா பானு தீர்ப்புக்கு இணையாகவே நான் மதிக்கிறேன். பேசப்பட்டது என்னவோ குறைவு.

ஷா பானு வழக்கை மத உரிமை விவாதமாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அதன் எண்களையும் பார்க்கலாம். இந்தூரின் நடுவர் நீதிமன்றம் 1979இல் அவருக்கு அளித்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும், நாடே கொந்தளித்ததும் இத்தொகையின் பொருட்டே.

அதன் எதிரொலியாக வந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தை பற்றிய ஒரு வரி உண்டு: விவாகரத்தான தாய் குழந்தையை வளர்த்தால், அது பிறந்த நாளிலிருந்து இரண்டாண்டு வரை முன்னாள் கணவர் அதற்குரிய தொகையைத் தர வேண்டும். பெரும் விவாதத்தில் இவ்வரியைக் கவனித்தவர் குறைவு. விளைவு பீகாரில் தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 150 ரூபாய் என்று கீழமை நீதிமன்றம் ஆணையிட்டிருக்க, பாட்னா உயர் நீதிமன்றம் இரண்டு வயதைக் கடந்த இரு பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை என்றது. ஒன்றரை வயதுக் கடைக்குட்டிக்கு இரண்டு வயது நிறையும் வரை மட்டும். அதாவது, ஆறே மாதம்! 1997இல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அந்த இரண்டாண்டுத் தொகை தாய்க்குரிய சலுகை. 125ஆம் பிரிவின்கீழ்க் குழந்தைக்குள்ள உரிமை அதனினும் வேறானது, தாயின் விவாகரத்தால் அது அழியாது என்பது தீர்ப்பு. தாயின் உரிமை வேறு, பிள்ளையின் உரிமை வேறு என்று இவ்வளவு தெளிவாகப் பிரிப்பதற்கு 136 ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

500 ரூபாய் வரம்பைச் சில மாநிலங்கள் தாமாகவே உயர்த்தியிருந்தன. நாடு முழுவதற்குமாக அது நீக்கப்பட்டது 2001 செப்டம்பர் 24 அன்று. நான்கே நாளில், டேனியல் லத்தீஃபி வழக்கில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் மணமுறிவுற்ற பெண்களுக்கு ஆதரவான விளக்கம் தந்தது. இரண்டாவதைப் பற்றி நூலகம் நிறைய எழுத்துண்டு. முதலாவது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

வரம்பு நீங்கியபின் அளவுகோல் எது? இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956இலேயே பராமரிப்பு என்பதில் கல்வியையும் மருத்துவத்தையும் சேர்த்துச் சொன்னது. குற்றவியல் சட்டத்தில் அத்தகைய வரையறை இல்லை. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இருதரப்பும் தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், தொகை மனு அளித்த நாள் முதல் கணக்கிடப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அப்பத்திரத்தில் இடமுண்டு. எனினும் இத்தனை வயதுப் பிள்ளைக்கு இவ்வருமானத்தில் இவ்வளவு என்னும் அட்டவணை எதுவும் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு நீதிமன்றமும் தானே அளக்கிறது.

சட்டத்தின் ஆங்கில மூலத்தில் ஒரு சிறு பிரதிப்பெயர் உண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையை, ‘தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத’ ஒன்றாக, அஃறிணைப் பெயரால் சுட்டியது. தமிழர் இதில் குறைகாண முடியாது. மகவு, குழவி ஆகிய சொற்கள் அடிமை, அரசு போன்றவற்றோடு அஃறிணை முடிபு கொள்வதைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. 1973இலும் அப்பெயர் மாறவில்லை. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 125ஆம் பிரிவு 144ஆம் பிரிவாகியிருக்கிறது. அங்கும் குழந்தை அஃறிணைதான். மனுக்களில் பெரும்பாலும் அது தாயை அடுத்து இரண்டாம் மனுதாரராக நிற்கிறது.