மெக்ரெகர்: 139 ஆண்டுகள் தடை செய்யப்பட்ட ஒரு குடும்பப் பெயரின் கதை

எம்.பி.ஏ. படித்தவர் என்றால் 'தியரி எக்ஸ், தியரி ஒய்' பற்றி ஒரு தேர்விலாவது எழுதியிருப்பீர்கள். அதைக் கொடுத்தவர் டக்ளஸ் மெக்ரெகர். 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர் என்றால், ஓபி-வான் கெனோபியாக நடித்த இவான் மெக்ரெகரைத் தெரியும். யு.எஃப்.சி. பார்ப்பவர்களுக்கு கானர் மெக்ரெகரை அறிமுகமே செய்ய வேண்டாம்.

ஒருவர் அமெரிக்கர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் அயர்லாந்துக்காரர். மூன்று பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனால், இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டாலே மரண தண்டனை என்று ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் சட்டம் இருந்தது தெரியுமா?

ஒரு குற்றவாளியையோ ஓர் அமைப்பையோ தடை செய்வதைக் கேள்விப்பட்டிருப்போம். ஒரு பெயரையே தடை செய்வது எப்படி? ஏன் செய்தார்கள்? அந்தப் பெயர் எப்படிப் பிழைத்தது? பார்ப்போம்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதியை ஹைலேண்ட்ஸ் என்பார்கள். அங்கே பேசப்பட்ட கேலிக் மொழியில் 'மேக்' என்றால் மகன். மெக்ரெகர் என்றால் 'கிரெகரின் மகன்', அவ்வளவுதான். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புரிவதில் சிரமமில்லை. ஒரு வித்தியாசம்: நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே ஏதோ ஒரு மூதாதையின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

கிரெகர் என்பது கிரெகரி என்ற பெயரின் வடிவம். அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'விழித்திருப்பவர்' என்று பொருள். பல போப்பாண்டவர்கள் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதால் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

'மேக்' என்று எழுதினால் ஸ்காட்லாந்து, 'மெக்' என்று எழுதினால் அயர்லாந்து என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. இரண்டாவது முதலாவதன் சுருக்கெழுத்து மட்டுமே. இரண்டு நாட்டிலும் இரண்டு வடிவமும் இருக்கிறது.

இன்னொரு சுவாரஸ்யம்: கேலிக் மொழியில் பெண்களுக்கு 'மேக்' வராது, 'நிக்' என்று வரும். ஆங்கில ஆவணங்களுக்குள் பெயர்கள் போனபோது அந்த வித்தியாசம் காணாமல் போய், பெண்களும் 'மகன்' ஆகிவிட்டார்கள்.

சண்டை எதற்கு?

சுருக்கமாகச் சொன்னால், நிலம். இன்னும் சுருக்கமாகச் சொன்னால், பத்திரம்.

ஹைலேண்ட்ஸ் சமூகம் 'கிளான்' எனப்படும் குலங்களாக இயங்கியது. மெக்ரெகர்கள் தங்களை அரச வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். குலத்தின் முழக்கமே 'எங்கள் குலம் அரச குலம்' என்பதுதான். ஆனால் வரலாற்று ஆதாரம் 14-ஆம் நூற்றாண்டுக்கு அந்தப் பக்கம் தெளிவாக இல்லை. கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே ஆகிய பள்ளத்தாக்குகள்தான் அவர்களின் பூர்வீகம்.

அங்கே அவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். ஆனால் அரசர் கையெழுத்துப் போட்ட பட்டயம் பக்கத்துக் குலமான கேம்பெல்களிடம் போய்ச் சேர்ந்தது. கேம்பெல்கள் அரசவைக்கு நெருக்கமானவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். சொந்த ஊரிலேயே மெக்ரெகர்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். பிறகு பலருக்கு அதுவும் இல்லை. மாடு பிடித்துப் போவது, கொள்ளை, பழிக்குப் பழி என்று வாழ்க்கை திரும்பியது. 'மூடுபனியின் பிள்ளைகள்' என்று அவர்களுக்கு ஒரு பெயரே வந்தது.

இந்தப் பகை எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம். 1570-ல் குலத்தலைவர் கிரெகர் ராயை, கிளெனார்க்கி கேம்பெல்களின் தலைவர் பிடித்துத் தலையை வெட்டினார். கிரெகரின் மனைவி மேரியன் ஒரு கேம்பெல் வீட்டுப் பெண். அதாவது, கணவனைக் கொன்றது பிறந்த வீட்டு வகையறா. கைக்குழந்தைக்குத் தாலாட்டாகவும் கணவனுக்கு ஒப்பாரியாகவும் அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல், ஸ்காட்லாந்தில் இன்றும் பாடப்படுகிறது.

1603-ல் என்ன நடந்தது?

1603 பிப்ரவரி 7. கிளென் ஃப்ரூன் என்ற பள்ளத்தாக்கில் மெக்ரெகர்களும் கொஹூன் குலத்தவரும் மோதினார்கள். மெக்ரெகர்களுக்குப் பெரிய வெற்றி. எதிர்த்தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த வெற்றிதான் அவர்களுக்கு எமனாக வந்தது. அடுத்த மாதமே இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் இறந்தார். ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு லண்டன் சிம்மாசனம் கிடைத்தது. அவர் எடின்பரோவைவிட்டுக் கிளம்பியது ஏப்ரல் 5. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3 அன்று, அவருடைய பிரிவி கவுன்சில் அந்த உத்தரவைப் போட்டது: மெக்ரெகர் என்ற பெயர் இனி இல்லை. வைத்திருப்பவர்கள் வேறு பெயருக்கு மாற வேண்டும். மறுத்தால் மரணம்.

குலத்தலைவர் அலாஸ்டர் சில மாதங்கள் தலைமறைவாக இருந்தார். இங்கிலாந்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆர்கைல் பிரபு கொடுத்த வாக்கை நம்பிச் சரணடைந்தார். ஆர்கைல்தான் கேம்பெல் குலத்தின் தலைவர். வாக்கு சொல்லளவில் காப்பாற்றப்பட்டது. எல்லை தாண்டி இங்கிலாந்து மண்ணில் காலை வைக்கவிட்டு, உடனே திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1604 ஜனவரியில் எடின்பரோவில் அலாஸ்டர் தூக்கிலிடப்பட்டார். தன்னைத் தூண்டிவிட்டதே ஆர்கைல்தான் என்று சாவதற்கு முன் அவர் வாக்குமூலம் கொடுத்தார்.

பெயருக்குத் தடை என்றால் நடைமுறையில் என்ன?

இது ஒரே ஒரு உத்தரவோடு நிற்கவில்லை. அடுத்த 30 ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்:

• ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு இறைச்சி நறுக்க, முனை இல்லாத கத்தி மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

• நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது.

• 1617: நாடாளுமன்றம் தடையை உறுதி செய்தது. வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கும் தடை பொருந்தும் என்றது.

• 1633: ஆண் குழந்தைக்கு 'கிரெகர்' என்று எந்தப் பாதிரியாரும் ஞானஸ்நானம் செய்யக் கூடாது. மெக்ரெகர் என்ற பெயரில் எந்த எழுத்தரும் பத்திரம் பதியக் கூடாது.

கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் பெயரில் கடன் பத்திரம் இல்லை, குத்தகை ஒப்பந்தம் இல்லை. ஏமாற்றப்பட்டால் அந்தப் பெயரில் வழக்கும் இல்லை. உயிரோடு இருக்கிறீர்கள், ஆனால் காகிதத்தில் இல்லை.

1661-ல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். உள்நாட்டுப் போரில் மெக்ரெகர்கள் அரசர் பக்கம் நின்றதற்கான பரிசு அது. 1693-ல் வில்லியம்-மேரி ஆட்சியில் தடை திரும்ப வந்தது. கடைசியில், 1774-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை நிரந்தரமாக நீக்கியது.

கணக்குப் போட்டால்: முதல் தடை 58 ஆண்டுகள், இரண்டாவது 81 ஆண்டுகள். மொத்தம் 139. ஏறக்குறைய ஐந்தாறு தலைமுறை.

பெயரை எங்கே ஒளித்துவைத்தார்கள்?

பக்கத்து வீட்டில். மர்ரே, டிரம்மண்ட், கிரஹாம், ஸ்டூவர்ட் என்று சுற்றியிருந்த குலங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலர் எதிரியின் பெயரான கேம்பெல்லையே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் 'கிரெகரி', 'கிரெய்க்' என்று பழைய பெயரின் சாயல் தெரியும்படி வைத்துக்கொண்டார்கள்.

கணிதம் படித்தவர்களுக்கு இதில் ஒரு தெரிந்த முகம் உண்டு. அபர்டீன் பகுதியில் பிறந்த கணித மேதை ஜேம்ஸ் கிரெகரியின் குடும்பம், மெக்ரெகர் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட குடும்பம். பையின் மதிப்பைக் கணக்கிட உதவும் முடிவிலித் தொடர் ஒன்றை 1671 வாக்கில் அவர் கண்டறிந்தார். அவருக்கு முன்பே கேரளத்தில் மாதவர் வழிவந்த கணித அறிஞர்கள் அதைக் கண்டிருந்தார்கள். அதனால்தான் இன்று அதை 'மாதவ-கிரெகரி தொடர்' என்கிறோம்.

ராப் ராய்: கேம்பெல் என்று கையெழுத்துப் போட்ட மெக்ரெகர்

குலத்தின் மிகப் பிரபலமான மனிதர் ராப் ராய் (1671-1734). 'ராய்' என்றால் செந்நிறம். அவருடைய தலைமுடிக்காக வந்த பட்டப்பெயர். 1693-ல் தடை திரும்பியபோது, தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு ராபர்ட் கேம்பெல் ஆனார்.

மாட்டு வியாபாரம் செய்தவர் அவர். மான்ட்ரோஸ் பிரபுவிடம் வாங்கிய பெரிய கடன் தொகையோடு அவருடைய ஆள் ஓடிவிட்டதாகச் சொல்வார்கள். பிரபு நிலத்தைப் பறித்தார், குடும்பத்தை வெளியேற்றினார். ராப் ராய் பல ஆண்டுகள் தேடப்படும் குற்றவாளியாகத் திரிந்தார், பிறகு மன்னிப்புப் பெற்றார், வீட்டிலேயே இறந்தார். வால்டர் ஸ்காட் 1817-ல் வெளியிட்ட நாவலும், 1995-ல் லியம் நீசன் நடித்த படமும் அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தன.

ஸ்காட் ஒரு சம்பவம் சொல்கிறார். அபர்டீன் போன ராப் ராய், அங்கே பேராசிரியராக இருந்த ஒரு கிரெகரியின் வீட்டில் உறவினராகத் தங்கினாராம். 'உன் பையன் புத்தகம் படித்தே வீணாகிவிடுவான், என்னோடு மலைக்கு அனுப்பு, ஆம்பிளையாக்கிக் காட்டுகிறேன்' என்கிற ரீதியில் கேட்டாராம். பேராசிரியர் நெளிந்தாராம். பெயர் வேறாகி நூறாண்டு ஆன பிறகும் இரண்டு வீட்டாருக்கும் சொந்தம் மறக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மீண்டு வந்தது எப்படி?

1774-ல் தடை நீங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது: யார் தலைவர்? இங்கே ஓர் இந்தியத் தொடர்பு இருக்கிறது. வங்காளத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் ஆடிட்டர் ஜெனரலாக இருந்த ஜான் மர்ரே என்பவரைத் தலைவராக ஏற்று 826 பேர் கையெழுத்திட்டார்கள். 'மர்ரே' என்பது தடைக்காலத்தில் குடும்பம் எடுத்துக்கொண்ட பெயர். 1822-ல்தான் குடும்பம் அரச அனுமதியோடு மெக்ரெகர் என்ற பெயரை முறைப்படி திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். ஸ்காட்லாந்தின் கிரீடத்துக்குக் காவலாக அணிவகுத்தவர்களில், ஜானின் மகன் சர் இவான் தலைமையில் வந்த மெக்ரெகர்களும் இருந்தார்கள். எந்தக் கிரீடம் அவர்கள் பெயரை அழித்ததோ, அதே கிரீடம்.

தெரிந்துகொள்ள வேண்டிய சில மெக்ரெகர்கள்

கிரெகர் மெக்ரெகர் (1786-1845): வரலாற்றின் துணிச்சலான மோசடிக்காரர்களில் ஒருவர். தென் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட தளபதி. பிறகு மத்திய அமெரிக்காவில் 'போயைஸ்' என்ற இல்லாத நாட்டுக்குத் தலைவன் என்று சொல்லி, லண்டனில் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரமும், கூடவே மனையும் விற்றார். நம்பிக் கப்பலேறிய சுமார் 250 பேரைக் காடு மட்டுமே வரவேற்றது. பெரும்பாலானோர் இறந்தார்கள்.

வில்லியம் மெக்ரெகர் (1846-1911): பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்தவர், ஆஸ்டன் வில்லா நிர்வாகி. 1888-ல் 12 கிளப்புகளோடு கால்பந்து லீகைத் தொடங்கியவர். வார இறுதியில் நீங்கள் பார்க்கும் லீக் முறைக்கே இவர்தான் தொடக்கம்.

டக்ளஸ் மெக்ரெகர் (1906-1964): எம்.ஐ.டி. பேராசிரியர். ஊழியர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்து நிர்வகிப்பது எக்ஸ், பொறுப்பானவர்கள் என்று நம்பி நிர்வகிப்பது ஒய் என்று 1960-ல் வந்த புத்தகத்தில் பிரித்துக் காட்டியவர்.

இயன் மெக்ரெகர் (1912-1998): பிரிட்டிஷ் நிலக்கரி வாரியத் தலைவர். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தாட்சர் அரசின் முகம்.

இவான் மெக்ரெகர் (பிறப்பு 1971): நடிகர். பெர்த்தில் பிறந்து கிரீஃப் ஊரில் வளர்ந்தவர். ராப் ராய் திரிந்த மலைப்பகுதி அங்கிருந்து அதிக தூரமில்லை.

இந்தப் பெயர் இருந்தால் அந்தக் குலமா?

கட்டாயம் இல்லை. கிரெகர் பொதுவான பெயர். எந்தக் கிரெகரின் மகனும் மெக்ரெகர் ஆகியிருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்மை. 1774-க்குப் பிறகு எல்லோரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. வியாபாரம், நிலம், திருமணம் என எல்லாம் புதுப் பெயரில் ஓடிக்கொண்டிருந்ததால் பலர் அப்படியே இருந்துவிட்டார்கள். இன்று மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும் மர்ரேக்களிலும் ஸ்டூவர்ட்களிலும் சிலருக்கு, தந்தை வழி மெக்ரெகர்களோடு ஒத்துப்போகிறது. குடும்பப் பெயரை மட்டும் வைத்து வம்சாவளி தேடுபவர்கள் தடுமாறுவது இதனால்தான். தடை செய்த சட்டம் போய்விட்டது. அது உருவாக்கிய பெயர்க் குழப்பம் இன்னும் இருக்கிறது.

பால்விடர் என்ற சிறு ஊரின் தேவாலயத் தோட்டத்தில் ராப் ராயின் கல்லறை இருக்கிறது. அவரை அங்கே அடக்கம் செய்தபோது அவருடைய பெயர் சட்டவிரோதம். இன்று ஸ்காட்லாந்து போகும் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். அங்கே பொறித்திருக்கும் பெயர் கேம்பெல் அல்ல, மெக்ரெகர்.