குளம்பொலி விட்டுச்சென்ற இரண்டு சொற்கள்

ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தச் சாமிதான் மலைக்குக் காவல் என்று சுற்றியுள்ள கிராமங்கள் நம்பின. ஒவ்வொரு மே மாதமும் திருவிழாவுக்குத் திரண்டன. அந்த மலையின் அடிவாரத்துச் சேலத்தில் 1958இல் ஒரு குழந்தை பிறந்தது. காவல் தெய்வத்தைக் கதையாக்கி ஒருநாள் தமிழ்நாட்டையே மிரள வைக்கப்போகும் குழந்தை அது.

சௌந்தர்ராஜன் என்று பெயர். பிழைப்பு மதுரைக்கு அழைத்துப் போனது. எழுத வந்தபோது தாயின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு இந்திரா சௌந்தர்ராஜன் ஆனார். சித்தர்கள், சாபங்கள், பாழடைந்த கோயில்கள் என்று மர்ம நாவல்களாக எழுதிக் குவித்தார். அவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பு, தெய்வத்தின் முன்னால் கைகூப்பி நடுங்குபவனின் கெஞ்சலாக இருந்தது. அந்தக் கெஞ்சல் அப்படியே புத்தகத்துக்குள் அடங்கிப் போயிருக்கும், இயக்குநர் நாகா மட்டும் வராதிருந்தால்!

1990களின் நடுவில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் டிவியில் ஒளிபரப்பானது. முதல் கதை ‘ரகசியம்’. நவபாஷாண லிங்கமும், இரவில் யாரும் தங்க முடியாத கோயிலும் ஜனங்களைக் கட்டிப்போட்டன. அடுத்து என்ன கொடுப்பது என்ற கேள்வி வந்தது. சௌந்தர்ராஜனின் அந்தக் கெஞ்சல் நாவல் வெளியே வந்தது.

தோட்டக்காரமங்கலம் என்ற கிராமம். தப்பு செய்தவர்களை இரவில் குதிரையேறி வந்து வெட்டிச் சாய்க்கிறது ஓர் உருவம். சாமியா, ஆசாமியா? வாரம் ஒரு முறைதான் தொடர். மீதி ஆறு நாளும் வாக்குவாதம். வீட்டுத் திண்ணையில் பாட்டி சாமி என்றாள். கல்லூரியில் படிக்கும் பேரன் இல்லை என்றான். கடைசி வாரங்களில் விடை வந்தது. ஆனால் அது வழக்கை முடிக்கவில்லை!

குதிரையில் வந்தது சேத்தன் நடித்த ராஜேந்திரன். சின்ன வயதுக் காயங்களால் அவன் மனம் இரண்டாகப் பிளந்திருந்தது. 2005இல் ‘அந்நியன்’ படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்த மனநோயைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது இந்தத் தொடர். பேரன் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் பாட்டியிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: தப்பு செய்தவனை மட்டும் தேடிப்பிடித்துத் தண்டிக்கச் சொல்லி அந்த மனசுக்குள் உட்கார்ந்தது யார்? மருத்துவத்தையும் நம்பிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய தொடர், இரண்டில் எதையும் கேலி செய்யவில்லை. அதனால்தான் முடிந்த பிறகும் விவாதம் ஓயவில்லை. அதைவிட ஓயாத இன்னொன்றும் இருந்தது. அது தொடரின் பெயர்.

நாவலின் தலைப்பு ‘விட்டு விடு கருப்பா’. மனிதன் காவல் தெய்வமான கருப்பிடம் கேட்டது அது. திரைக்கு வந்தபோது அந்தக் கெஞ்சலுக்குப் பதில் கிடைத்தது: ‘விடாது கருப்பு’!

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அவர் கதை கொடுத்துப் போன இரண்டு சொற்கள் இன்று யாருக்கும் சொந்தமில்லாத வழக்காகிவிட்டன. பழைய ஊழல் வழக்கு திரும்ப வந்தாலும், அடைத்த கடன் மறுபடி துரத்தினாலும், தமிழன் வாயில் முதலில் வருவது ‘விடாது கருப்பு’தான்.