பராமரிப்பவரைத் தெரிவுசெய்யும் உரிமை: மென்பொருள் உரிமங்களின் வரலாறும் வன்னியும்

1969 யூன் 23ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம், மென்பொருளையும் சேவைகளையும் இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தது. அதுவரை கணினியை வாடகைக்கு எடுத்தவருக்கு நிரலும் பராமரிப்பும் அந்த வாடகைக்குள் அடக்கம். ஏகபோகக் குற்றச்சாட்டுடன் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவது கடினம். மென்பொருள் தனிச் சரக்கானதும், அதை விற்றவரே பராமரிக்கவும் வேண்டுமா என்ற கேள்வி பிறந்தது.

இலங்கைத் தலைநகரில் இருப்பவருக்கு இது செலவுக் கணக்கு. வடக்கே வன்னியில் இருப்பவருக்குத் தூரக் கணக்கும்கூட. கொழும்பிலிருந்து வன்னியின் கிளிநொச்சி 300 கிலோமீற்றருக்கு மேல். 2006 ஓகஸ்டில் போரால் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டபின், பக்கத்து யாழ்ப்பாணத்திலிருந்துகூட ஒரு தொழில்நுட்பவியலாளர் தரைவழியே வந்திருக்க முடியாது. விற்றவரைத் தவிர வேறெவரும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு வரும் மென்பொருள் இத்தகைய இடத்தில் எவ்வளவு நாளைக்குப் பயன்படும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த நிபந்தனையின் முழு வீச்சை வெளிக்காட்டியது 1993இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய தீர்ப்பு. எம்.ஏ.ஐ. என்ற கணினி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சிலர், பீக் என்ற வேறொரு நிறுவனத்திடம் பராமரிப்பை ஒப்படைத்தனர். எம்.ஏ.ஐ.யின் வாடிக்கையாளர் சேவை முகாமையாளரே பீக்குக்கு மாறியிருந்தார். பீக்கின் ஊழியர் பழுதுபார்க்கக் கணினியை இயக்கும்போது இயங்குதளம் தற்காலிக நினைவகத்தில் ஏறுகிறது. அதுவும் பிரதி எடுத்தல்தான் என்றது நீதிமன்றம். உரிமம் வாடிக்கையாளரின் சொந்தப் பாவனைக்கே உரியது; ஆகவே பீக் செய்தது பதிப்புரிமை மீறல். கணினியின் பொத்தானை அழுத்துவதே குற்றமாயிற்று. இதைச் சரிசெய்ய அமெரிக்கக் காங்கிரசுக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1998 ஒக்ரோபரில் வந்த திருத்தம், இயந்திரத்தைப் பராமரிக்கவோ பழுதுபார்க்கவோ இயக்கும்போது உண்டாகும் பிரதிக்கு விலக்களித்தது. ஆனால் அது வன்பொருள் பராமரிப்புக்கு மட்டுமே. மென்பொருளைத் திருத்தும் மூன்றாம் தரப்பினருக்கு அந்த நிழல் கிட்டவில்லை. ஒராக்கிள் மென்பொருள்களுக்குக் குறைந்த விலையில் ஆதரவு அளித்த ருமோறோநவ் நிறுவனம் இதே பதிப்புரிமைச் சிக்கலில் மாட்டி 2008இல் மூடப்பட்டது. அதன் உரிமையாளரான எஸ்.ஏ.பி.க்கு எதிராக 2010இல் யூரிமார் விதித்த இழப்பீடு 1.3 பில்லியன் டொலர். பின்னர் அது குறைக்கப்பட்டாலும் எச்சரிக்கை எல்லோரையும் எட்டிவிட்டது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாவனைக்குத் தேவையான பிரதியை எடுக்கும் உரிமையைப் பிரதியின் சட்டபூர்வ உரிமையாளருக்குத் தருகிறது. இடர்ப்பாடும் அங்கேதான். எம்.ஏ.ஐ. வழக்கில் வாடிக்கையாளர்கள் உரிமம் பெற்றவர்களே அன்றி உரிமையாளர்கள் அல்லர் என்று கொள்ளப்பட்டது. ஒப்பந்தத்தில் ‘விற்பனை’ இல்லை, ‘உரிமம்’தான் உண்டு என்று எழுதிவிட்டால் சட்டம் தரும் சலுகையும் ஐயத்துக்குள்ளாகிறது.

மாற்றுவழி நீதிமன்றத்திலிருந்து வரவில்லை, உரிமப் பத்திரத்திலிருந்தே வந்தது. 1989இல் வெளியான குனூ பொது உரிமம், நிரலின் மூலத்தைப் பெறவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் இடமளித்தது. மூலம் கையில் இருந்தால் பராமரிப்பவரை எங்கும் தேடலாம். இதன் மிகத் தெளிவான சோதனை நூலக மென்பொருளான கோஹாவின் கதை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்கு, 2000ஆம் ஆண்டைத் தாங்காத பழைய முறைமைக்குப் பதிலாகக் கற்றிப்போ என்ற சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. 2000 சனவரி 3ஆம் திகதி அது இயங்கத் தொடங்கியது. பொது உரிமத்தின்கீழ் உலகுக்கும் வெளியானது. கற்றிப்போவின் கோஹாப் பிரிவை 2007இல் அமெரிக்காவின் லிப்லைம் வாங்கியது. 2009இல் லிப்லைம் தன் வாடிக்கையாளருக்கென ஒரு தனிப் பதிப்பை அறிவித்து, மாற்றங்களைப் பொதுவில் வைப்பதில் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு அந்நிறுவனமே பி.ரி.எப்.எஸ். என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. நியூசிலாந்தில் ‘கோஹா’ என்ற பெயரையே வணிகக் குறியாகப் பதியும் முயற்சி நடந்து, 2011இல் அந்தச் சிறிய அறக்கட்டளை உதவி கேட்டு வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. ஆனாலும் நூலகங்கள் கைகட்டி நிற்கவில்லை. பைவாட்டர், பிரான்சின் பிப்லிபர், நியூசிலாந்தின் கற்றலிஸ்ற் எனப் பல ஆதரவு நிறுவனங்கள் இருந்தன. தங்கள் பட்டியல்களையும் மென்பொருளையும் மாற்றாமலேயே பராமரிப்பவரை மாற்ற முடிந்தது. இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இன்று கோஹாவைப் பயன்படுத்துகின்றன.

வன்னியில் இந்த வரலாற்றின் தடத்தை வவுனியாப் பல்கலைக்கழகத்தில் காணலாம். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமான அந்நிறுவனம் தன் ஆய்வுக் களஞ்சியத்தை டீஸ்பேசில் வைத்திருக்கிறது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் எச்.பி.யும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லை, யாரும் பராமரிக்கலாம். களஞ்சியத்திலுள்ள கட்டுரைகளின் முகவரியில் 123456789 என்ற எண் வருகிறது. அது பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கப்பட்டதன்று. மென்பொருளை நிறுவும்போதே இருக்கும் நிரப்பு எண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலும் அதே எண்தான். சிறு ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தனி எண் பதிந்தால், சேவையகமோ இணையப் பெயரோ மாறினாலும் கட்டுரையின் இணைப்பு அறாது. பதியாதவரை, இடமாற்றம் ஒன்று வந்தால் பழைய மேற்கோள்களின் இணைப்புகள் கேள்விக்குறியே. உரிமம் தந்த சுதந்திரத்தைப் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கணிப்பு.

மீதியை எடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல் துறை உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பாடசாலைகளும் அடுத்த முறை மென்பொருளுக்கு விலைமனுக் கோரும்போது, தரவை எவரும் வாசிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தரவேண்டும், நிர்வாகக் கடவுச்சொல்லை ஒப்படைக்கவேண்டும், வேறொருவர் பராமரிப்பதைத் தடுக்கக்கூடாது என்ற வாசகங்களை விலைமனுப் பத்திரத்திலேயே சேர்க்கவேண்டும்.