ஆலையில் கேஸ் கசிந்தால் தொழிலாளி என்ன செய்யலாம்? சட்டம் தரும் உரிமைகள் இதோ!

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் கண் எரிச்சல், மூச்சுத்திணறலுடன் மக்கள் வீடுகளை விட்டு வெளியே ஓடினர். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டு வரும் கடலடி குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரித்தது.

ஆலைக்கு வெளியே நடந்தால் மாசு, உள்ளே நடந்தால் தொழிலாளர் பிரச்னை என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் ஆலைக்குள் ஒரு வால்வு லேசாகக் கசிந்தால், அதை முதலில் சுவாசிப்பவர் ஷிஃப்டில் நிற்கும் தொழிலாளிதான். அதே வாயுதான் பிறகு தெருவுக்கும் வருகிறது.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

விம்கோ நகருக்குப் பெயர் தந்தது 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டி நிறுவனம். இந்தத் தொழிலுக்கு உலக அளவில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. தொடக்க காலத் தீக்குச்சிகளில் இருந்த வெள்ளை பாஸ்பரஸ், தொழிலாளர்களின் தாடை எலும்பையே அழுக வைத்தது. 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, ரசாயனம் படாமல் சாப்பிடத் தனி அறை பெற்றனர். 1906-ல் பெர்ன் உடன்படிக்கை வந்தது. இந்தியாவிலும் 1913-ல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குழு எங்கே தேவை என்பதை அரசு ஆணை மூலம் முடிவு செய்யும். குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது.

தொழிலாளி என்னென்ன கேட்கலாம்?

* தகவல்: கையாளும் ரசாயனம் எது, அதனால் உடம்புக்கு என்ன ஆகும், லீக் ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டுப் பெறலாம்.

* எச்சரிக்கை: உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால், நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். 'அப்படி ஒண்ணும் இல்ல' என்று நிர்வாகம் நினைத்தாலும், விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

* மருத்துவம்: ஆபத்தான பணிகளில் வேலைக்குச் சேரும் முன்பும், பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறையாவதும் பரிசோதனை நடக்க வேண்டும். அந்தப் பதிவுகளைத் தொழிலாளி பார்க்கலாம்.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு?

கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கும் சுகாதார, நல வசதிகளைச் செய்து தர வேண்டியது முதன்மை நிறுவனமே. 'கேட்டா வேலை போயிடும்' என்ற பயம் இவர்களுக்குத்தான் அதிகம். அதனால் தனியாகப் பேசுவதைவிட, பாதுகாப்புக் குழு அல்லது தொழிற்சங்கம் வழியாகப் பேசுவது நல்லது.

உடனே செய்ய வேண்டியவை

தேதி, நேரம், இடம், என்ன வாசனை என்பதைக் குறித்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்குள் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். காற்று, நீர் மாசு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போனால் இருமலை மட்டும் சொல்லாமல், எந்த ரசாயனத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தொழில்சார் நோய் என்று பதிவாக அதுதான் முதல் படி.